இஞ்சி தொலைத்த முதல் எழுத்து

‘ஜிஞ்சர் வேறொன்றுமில்லை, நம்ம இஞ்சிவேர்தான்’ என்ற செய்தி வாட்ஸப்பில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்டுமரம், மிளகுத்தண்ணி, சுருட்டு என்று ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களின் பட்டியலில் இதுவும் வந்துவிடும். விடை சரி. வழி தப்பு. கணக்கு வாத்தியார் கையில் கிடைத்தால் பாதி மார்க்தான் போடுவார்.

கட்டுமரமும் சுருட்டும் ஐரோப்பியர் இந்தக் கரையில் வந்திறங்கி, காதால் கேட்டு, வாயோடு எடுத்துப்போனவை. இஞ்சிக்கு அந்தக் கதை பொருந்தாது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-இல். அதற்கு ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்பே பழைய ஆங்கில மருத்துவ ஏடுகளில் இந்தச் சொல் இருக்கிறது; எழுத்துப்படி வாசித்தால் ‘கிங்கிஃபெர்’ என்று வரும். தமிழ் பேசுகிற ஒருவரையும் கண்டிராத தீவில் அது எப்படிப் போய் உட்கார்ந்தது? கை மாறிக் கை மாறித்தான். ஒவ்வொரு கையும் அதைக் கொஞ்சம் பிசைந்திருக்கிறது. எந்தக் கை எதைப் பிசைந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் சொல்லாராய்ச்சி. ஒலி ஒற்றுமையைப் பார்த்துக் கைதட்டுவது வேறு வேலை.

நம்மை நம்பவைப்பது எது என்று கவனியுங்கள். இஞ்சியிலும் ‘ஞ்ச’ இருக்கிறது, ஜிஞ்சரிலும் ‘ஞ்ச’ இருக்கிறது. அந்த ஒற்றுமைதான் தற்செயல். இரண்டும் உறவுதான், ஆனால் உறவுக்கு நாம் காட்டுகிற சாட்சி பொய்ச்சாட்சி.

பின்னாலிருந்து போவோம். ஆங்கில ஜிஞ்சருக்கு முந்தையது ‘ஜிஞ்சிவெர்’. பிரெஞ்சில் ‘ழான்ஜாம்ப்ர’, எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘கின்கெம்ப்ரெ’. இவற்றுக்கு அடியில் பிற்கால லத்தீனின் ‘கிங்கிபெர்’. அதற்கும் முன்னால் பழைய லத்தீனில் ‘ஸிங்கிபெரி’, கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’. (இந்த ‘ஸி’, ‘ஸ’ எல்லாம் ஆங்கில ‘ஸெட்’டின் ஒலி, தமிழில் எழுத இதைவிட வழியில்லை.)

கி.பி. முதல் நூற்றாண்டில் டயாஸ்கொரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர் இஞ்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். கோரைக்கிழங்கு மாதிரிச் சின்னக் கிழங்கு, வெள்ளையாக இருக்கும், மிளகு போல உறைக்கும், சீக்கிரம் பூச்சி அரித்துவிடும், அதனால் சிலதை ஜாடியில் ஊறப்போட்டு இத்தாலிக்கு அனுப்புகிறார்கள் என்கிறார். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர் எழுத்து அது. ஆனால் விளையும் இடம் என்று அரேபியப் பக்கத்தைச் சொல்கிறார். அதே நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் பிளினியும் அப்படியே. வாங்கின சந்தையை விளைந்த வயலாக நினைத்துக்கொண்டார்கள். இடைத்தரகரும் அதைத் திருத்தப் போவதில்லையே. பிளினி விலையும் எழுதிவைத்திருக்கிறார்: ரோமானியப் பவுண்டுக்கு, அதாவது சுமார் 327 கிராமுக்கு, இஞ்சி 6 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு), கருமிளகு 4, வெண்மிளகு 7, திப்பலி 15. மிளகைவிட இஞ்சி ஒன்றரை மடங்கு விலை. இன்றைய மளிகைக்கடைக்காரருக்கு இது தலைகீழ்க் கணக்கு.

இப்போது ‘ஸிங்கிபெரிஸ்’ஸை ‘இஞ்சி’க்குப் பக்கத்தில் வையுங்கள். கடைசியில் இருக்கும் ‘இஸ்’ கிரேக்க ஒட்டு, அதை வெட்டிவிடலாம். மிச்சத்தில் முன்னால் ‘ஸி’ நிற்கிறது. தமிழில் வெறும் ‘இ’. நடுவில் ‘ங்க’, தமிழில் ‘ஞ்ச’. பின்னால் ‘பெர்’, தமிழில் ஒன்றுமே இல்லை. மூன்றாவதை ‘வேர்’ சேர்த்துச் சமாளிக்கலாம். முதல் இரண்டை? உயிரெழுத்தில் தொடங்கும் சொல் கிரேக்கர் வாயில் வராது என்று சொல்ல முடியாது. அவுரிச் சாயத்துக்கு ‘இந்திகோன்’ என்று பேர் வைத்தவர்கள் அவர்கள்தான். இல்லாத ‘ஸ்’ஸை அவர்கள் முன்னால் ஒட்டவில்லை. கேட்ட சொல்லிலேயே அது இருந்திருக்க வேண்டும்.

இருந்தது. பாலியில் இஞ்சிக்குப் பேர் ‘சிங்கிவேர’. பௌத்தத் துறவிகள் மருந்தாக வைத்துக்கொள்ளலாம் என்று விநய பிடகம் அனுமதிக்கிற வேர்களின் பட்டியலில் அது மஞ்சளுக்கு அடுத்தபடி வருகிறது; பின்னாலேயே வசம்பு, அதிவிடயம், கடுகுரோகிணி, வெட்டிவேர், கோரைக்கிழங்கு. சிங்கிவேர, ஸிங்கிபெர்: எலும்புக்கு எலும்பு பொருந்துகிறது. மேற்கே போன பொட்டலத்தின் மேல் எழுதியிருந்த பேர் ‘இஞ்சி’ அல்ல, சிங்கிவேரத்தைப் போன்ற ஒரு பிராகிருத வடிவம்.

அப்படியானால் தமிழுக்கு என்ன பங்கு? அந்தச் சொல்லின் வால்தான் பதில். ‘வேர’ என்பதற்கு வடமொழிக் குடும்பத்துக்குள் வேர் கிடையாது. திராவிடத்தில் அது வேரேதான். வெட்டிவேர் பிரெஞ்சுக்குப் போய் ‘வெத்திவேர்’ ஆகி வாசனைத் திரவியக் கடைகளில் நிற்கிறதல்லவா, அதில் வால் எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இங்கேயும் அதே வால்தான். அப்போது தலையான ‘சிங்கி’யும் திராவிடமாகத்தான் இருக்க வேண்டும், நம் இஞ்சியே ஒரு காலத்தில் ‘சிங்கி’யாக இருந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் முடிவு. இப்படிப்பட்ட வடிவத்துக்கு முன்னால் ஓர் உடுக்குறி போடுவார்கள். எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைக்காதது, கணக்குப் போட்டு எடுத்தது என்று அதற்கு அர்த்தம். இணையத்தில் சொல்லாராய்ச்சி படிக்கும்போது அந்தச் சின்ன நட்சத்திரத்தைக் கவனியாமல் விடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

கணக்குச் சரிதானா என்று சோதிக்கலாம். சிங்கி இஞ்சியாக வேண்டுமானால் இரண்டு மாற்றம் நடந்திருக்க வேண்டும். இரண்டும் இந்த ஒரு சொல்லுக்காகச் சோடித்தவையாக இருக்கக் கூடாது. வேறு சொற்களிலும் நடந்திருக்க வேண்டும். சோதனை அவ்வளவுதான்.

முதலாவது, சொல்லின் முதலில் வரும் ‘ச்’ உதிர்வது. தமிழில் ‘ஆறு’ என்ற எண்ணுக்குக் கோண்டியில் ‘சாருங்’. தமிழில் உப்பு, கோண்டியில் ‘சோவர்’. கொடு என்ற பொருளில் தமிழில் ‘ஈ’, கோண்டியில் ‘சீ’. மத்திய இந்தியக் காடுகளில் பேசும் மொழி தக்கவைத்திருக்கிற சகரத்தைத் தென்கோடியில் நாம் உதிர்த்துவிட்டோம். தமிழுக்குள்ளேயே பாதி உதிர்ந்தும் உதிராமலும் ஜோடி ஜோடியாக நிற்பவை உண்டு: சிறகு – இறகு, சிப்பி – இப்பி. எல்லாச் சொல்லுக்கும் இது நடக்கவில்லை; சொல் ‘சொல்’லாகவே இருக்கிறது. சிலதைத் தொட்டு, சிலதை விட்டுவிட்ட மாற்றம்.

இரண்டாவது, ககரம் சகரமாவது. ‘கா’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கின் பின்பகுதி தொண்டைப் பக்கம் போய் முட்டும். உடனே ‘கீ’ என்று சொல்லுங்கள். முட்டும் இடம் முன்னால் நகர்ந்திருக்கும். ‘இ’, ‘எ’ சொல்ல நாக்கு மேலண்ணத்துக்கு எழும்பியாக வேண்டும், பக்கத்திலிருக்கிற ககரத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. இழுப்பு கொஞ்சம் கூடினால் ‘ச’ ஆகிவிடும். கன்னடத்துக் ‘கிவி’ தமிழில் செவி. கன்னடத்துக் ‘கெய்’ தமிழில் செய். கெம்பு அங்கே சிவப்பு, இங்கே செம்மை. ‘சிங்கி’யில் ககரத்துக்கு முன்னும் இகரம், பின்னும் இகரம், இரண்டு பக்கமும் இழுத்தால் ‘ஞ்சி’ ஆகாமல் என்ன ஆகும்?

இதே சறுக்கல் வேறிடத்திலும் நடந்திருக்கிறது என்பதுதான் இந்தச் சொல்லின் வேடிக்கை. லத்தீனின் ‘கிங்கி’ பிரெஞ்சுக்கு வரும் வழியில் இகரத்தின் பக்கத்திலிருந்த ககரம் ஜகரமானது, அதனால்தான் ஜிஞ்சர். அரபியில் நடந்தது வேறு. அங்கே ‘கப்பல்’ க அல்லாத, ‘கங்கை’யின் முதல் எழுத்துப் போன்ற ஒலி கிடையாது, பாரசீகத்திலிருந்தும் மேற்காசியாவின் பழைய மொழியான அரமேயத்திலிருந்தும் அந்த ஒலியோடு வருவதையெல்லாம் ஜகரமாக்கிவிடுவார்கள். அரமேயத்தில் ‘ஸங்கபீல்’ என்றிருந்தது அரபியில் ‘ஸன்ஜபீல்’. தமிழ், அரபி, பிரெஞ்சு மூன்றும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமல், அததன் காரணத்துக்காக, ‘ங்க’விலிருந்து ‘ஞ்ச’வுக்கு வந்து சேர்ந்தன. நாம் அந்த ஞ்சகரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ‘பார்த்தாயா, அதே சொல்’ என்கிறோம். உண்மையான சாட்சி நம்மிடம் இல்லாமல் போன ‘ச்’சும், நாம் மாற்றிவிட்ட ‘ங்க’வும்தான்.

சங்க இலக்கியத்துக்கு வரும்போதே உதிர்வு முடிந்துவிட்டது. பட்டினப்பாலை சோழநாட்டு ஊர்களின் தோட்டங்களைச் சொல்கையில் சேம்பையும் ‘முளை இஞ்சி’யையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. மதுரைக்காஞ்சியில் இஞ்சி, மஞ்சள், மிளகு சேர்ந்து வருகின்றன. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மலைபடுகடாம்: ‘காயம் கொண்டன இஞ்சி’. இஞ்சிக்கு உறைப்பு ஏறிவிட்டது என்கிறது. பயிர் வைத்தவன் பேச்சு அது. இளங்கிழங்கில் காரம் இருக்காது, மாதம் ஏற ஏறத்தான் ஏறும்.

சங்கப் பாட்டில் இஞ்சியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. பதிற்றுப்பத்தில் ‘கொடுங்கண் இஞ்சி’ என்று வரும். கொடுமையான கண்ணுள்ள இஞ்சியா என்று மிரள வேண்டாம். அந்த இஞ்சி கோட்டை மதில். எழுத்து ஒன்று, சொல் இரண்டு. மின்னூலில் தேடல்பெட்டியில் போட்டு எண்ணிக்கை எடுத்து, ‘சங்க காலத்தில் இஞ்சி இத்தனை இடத்தில்’ என்று எழுதினால் பாதி மதில்தான் விளைந்திருக்கும்.

முதலெழுத்தை உதிர்த்ததில் நாம் தனி ஆள் இல்லை. சிங்களத்தில் இஞ்சி ‘இங்குரு’. அது பாலியின் சிங்கிவேர வழியில் வந்தது; சிங்களத்தில் முதலில் வரும் ஸகரம் ஹகரமாகி, சிலவற்றில் அதுவும் கரைந்துவிடும். சூரியன் அங்கே ‘ஹிரு’, இன்னும் தேய்ந்து ‘இர’. ஆக யாழ்ப்பாணத்து இஞ்சியும் பக்கத்து ஊர் இங்குருவும் ஒரே தாய்ச்சொல்லின் பிள்ளைகள், ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று வரவில்லை. தமிழ் ‘ச்’சையும் விட்டது, ‘ங்க’வையும் மாற்றியது. சிங்களம் ‘ஸ்’ஸை விட்டது, ‘ங்க’வைக் காப்பாற்றிக்கொண்டது. வேரின் மிச்சமும் அந்த ‘ரு’வில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜெர்மன் மொழியில் இஞ்சிக்கு ‘இங்வெர்’. ‘இங்குரு’வுக்கு அப்படியே அச்சு. இலங்கையை டச்சுக்காரர் ஆண்டார்களே, அந்த வழியாகப் போயிருக்குமோ என்று ஒருவர் கட்டுரை எழுதிவிடக்கூடிய அளவுக்கு ஒற்றுமை. கிடையாது. பழைய ஜெர்மனில் ‘கிங்கிபெரோ’ என்றிருந்தது. லத்தீனும் பிரெஞ்சும் கொடுத்தது. அது முதலெழுத்தைத் தானாகத் தொலைத்து இங்வெர் ஆனது, அதுவும் டச்சுக் கப்பல் கொழும்பைப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பு. வடக்கிலும் கிழக்கிலும் அந்தத் தலையில்லாத வடிவம்தான் பரவியது: சுவீடனில் ‘இங்கெஃபேரா’, பின்லாந்தில் ‘இன்கிவேரி’, போலந்திலும் ரஷ்யாவிலும் ‘இம்பிர்’. இத்தாலியர் ‘ஸென்ஸெரோ’ என்று வாலை வெட்டினார்கள், ஸ்பானியர் ‘ஹென்ஹீப்ரே’ என்று தொண்டையிலிருந்து எடுத்தார்கள். தமிழ், சிங்களம், ஜெர்மன் என்று மூன்று ஊரில் மூன்று பேர் தனித்தனியாகத் தொப்பியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறார்கள். மொட்டைத்தலையைப் பார்த்து அண்ணன் தம்பி என்று சொல்லிவிட முடியாது.

வடமொழி செய்தது வேறு மாதிரி. கையில் கிடைத்த சிங்கிவேரத்துக்கு அர்த்தம் புரியவில்லை. பிராகிருதத்தில் ‘சிங்க’ என்று வருவது பல இடங்களில் சமஸ்கிருதத்தின் ‘ஸ்ருங்க’, அதாவது கொம்பு. சரி, இதுவும் அப்படித்தான் என்று ‘ஸ்ருங்கவேர’ ஆக்கி, ‘வேர’ என்றால் உடம்பு என்று அகராதிக்காரர்கள் பொருளும் சொல்லிவிட்டார்கள். கொம்பு போன்ற உடம்புள்ளது! பொருத்தமாகத்தான் இருக்கிறது, இஞ்சி மான்கொம்பு மாதிரி கிளைவிடுவது உண்மை, நாமும் கொம்பு மஞ்சள் என்கிறோமே. ஆனால் இப்படி அழகாகப் பொருந்திவிடுகிற விளக்கத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பாலி வடிவத்தில் ‘சிங்கி’ என்று இகரத்தில் முடிகிறது. கொம்பாக இருந்தால் அந்த இகரத்துக்கு வேலையில்லை. புரியாத சொல்லுக்குப் புரிகிற உடுப்பு மாட்டிவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

இதே சொல்லின் மறுகோடியிலும் அது நடந்தது. ஊறவைத்துப் பதப்படுத்திய இஞ்சிக்குப் பழைய பிரெஞ்சில் ‘ஜிஞ்சம்ப்ராஸ்’. ஆங்கிலேயருக்குக் கடைசி ‘ப்ராஸ்’ புரியவில்லை, ‘ப்ரெட்’டாக்கிவிட்டார்கள். பேர் ரொட்டி என்றாகிவிட்ட பிறகு பொருளும் மெல்ல மாவுப் பண்டமாக மாறிவிட்டது. இன்று கிறிஸ்துமஸுக்கு பேக்கரியில் வாங்குகிற ஜிஞ்சர்பிரெட் இப்படிப் பிறந்தது. ஒரு கோடியில் கொம்பு, மறுகோடியில் ரொட்டி.

ஸ்ருங்கவேரம் ஊர்ப்பேராகவும் நின்றுவிட்டது. கங்கைக் கரையில் குகன் இருந்த ஊர் வால்மீகியில் ஸ்ருங்கவேரபுரம், கம்பனில் சிருங்கிபேரம். இன்று பிரயாக்ராஜ் மாவட்டத்தில் ‘சிங்ரௌர்’. சொல்வடிவத்தைப் பார்த்தால் இஞ்சியூர்தான். உள்ளூரில் சிருங்கி முனிவர் பேரால் வந்தது என்பார்கள். இங்கிருந்து கிளம்பிய சொல் சமஸ்கிருத வேஷம் போட்டுக்கொண்டு, ஓடக்காரனின் ஊராகத் தமிழுக்கே திரும்பி வந்திருக்கிறது. கம்பனைப் படிக்கையில் இஞ்சி வாசம் அடிக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

உலகமெல்லாம் சுற்றிய ஸ்ருங்கவேரம் வட இந்தியச் சமையலறையில் மட்டும் இடம்பிடிக்கவில்லை. இந்தியில் ‘அத்ரக்’, வங்காளியில் ‘ஆதா’. இரண்டும் ஈரமானது என்ற பொருள்தரும் ஆர்த்ரகத்திலிருந்து வந்தவை. காய்ந்தது ‘ஸோண்ட்’, அது சமஸ்கிருதத்துச் ‘சுண்டி’யிலிருந்து வந்தது. தமிழ் இஞ்சி, சுக்கு என்று இரண்டு பேர் வைத்திருப்பது போலத்தான். தெலுங்கில் அல்லம், சொண்டி. கன்னடத்தில் கொஞ்சம் குழப்பம்: காய்ந்ததற்குரிய ‘சுண்டி’ பச்சைக்கும் பரவிவிட, பச்சை இஞ்சியை ‘ஹசி சுண்டி’ என்கிறார்கள். நம் கணக்கில் ‘பச்சைச் சுக்கு’.

ஆங்கிலத்துக்கு இரண்டும் ஜிஞ்சர்தான். தேவைப்பட்டால் முன்னால் ஓர் அடைமொழி. ஆனால் இரண்டும் ஒரே பொருள் அல்ல என்பதை வேதியியல் நம் பக்கம் நின்று சொல்கிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்கு முக்கியக் காரணம் ஜிஞ்சரால். காயும்போது அதிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு கழன்று ஷோகால் ஆகிறது. இது இன்னும் உறைக்கும். சுக்குக் கஷாயம் தொண்டையில் இறங்கும்போது இஞ்சிச் சாறு எரிவதிலிருந்து வேறு மாதிரி எரிவது அதனால்தான். பேரைப் பாருங்கள்: ஷோகால் என்பது இஞ்சியின் ஜப்பானியப் பேரான ‘ஷோகா’விலிருந்து வந்தது. ஒரே கிழங்கு ஈரமாக இருக்கையில் நம் வழிச்சொல், காய்ந்த பிறகு ஜப்பான் சொல்.

சுக்குப் போடுவதற்கு 8 முதல் 9 மாதம் முற்றிய கிழங்கு வேண்டும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, மூங்கில் சிம்பால் தோலைச் சுரண்டுவார்கள். இரும்புக் கத்தி கூடாது, கறை படியும். ஆழமாகவும் சுரண்டக் கூடாது. மணம் தருகிற எண்ணெய் அறைகள் தோலுக்கு நேர் அடியில் இருக்கின்றன. சுரண்டாமல் விட்டால் உள்ளே காய நாளாகும், பூஞ்சை பிடிக்கவும் கூடும். பிறகு நல்ல வெயிலில் ஒரு வாரம், பத்து நாள். 100 கிலோ பச்சை இஞ்சிக்கு 19 முதல் 25 கிலோ சுக்கு தேறும். ‘காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலையில் கடுக்காய்’ என்று சித்த மருத்துவம் வேளை பிரித்ததும், சுக்குக்குப் புறத்தில் நஞ்சு என்று தோலை நீக்கச் சொன்னதும் இந்த இரண்டையும் இரண்டு சரக்காகப் பார்த்த கண்ணால்தான்.

இந்த வித்தியாசத்தைச் சட்டமாக்கியவர்களும் உண்டு. யூதர்களின் பழைய சட்ட விவாதத் தொகுப்பான தால்முத்தில் இஞ்சி ‘ஸங்கவீலா’. யோம் கிப்பூர் நோன்பன்று மிளகையோ இஞ்சியையோ மென்றால் நோன்பு முறிந்ததாகக் கணக்கா என்று ஒரு விவாதம். காய்ந்ததென்றால் அது உணவே அல்ல, குற்றமில்லை. ஈரமாக இருந்தால் உணவு. அதே பக்கத்தில் இந்தியர் நாட்டிலிருந்து வருகிற ‘ஹிமல்த்தா’வைச் சாப்பிடலாம் என்ற அனுமதியும் இருக்கிறது, உரைகாரர்கள் அதைப் பதப்படுத்திய இஞ்சி என்கிறார்கள். டயாஸ்கொரிடிஸ் சொன்ன ஜாடி நினைவுக்கு வருகிறதா? பச்சை இஞ்சி கப்பலில் மாதக்கணக்கில் தாங்காது. ஒன்று காய வேண்டும், அல்லது ஊற வேண்டும். தூரதேசத்துக்காரர்கள் முளைக்கிற இஞ்சியைப் பார்க்காமலேயே அதன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம்.

குர்ஆனில் 76-ஆம் அத்தியாயத்தின் 17-ஆம் வசனத்தில் சொர்க்கவாசிகளுக்குத் தரப்படும் பானத்தின் கலவை ஸன்ஜபீல். வகரம் பகரமாகி, கடைசி ரகரம் லகரமாகிவிட்டது. ரகரமும் லகரமும் இடம் மாறுவது இந்த வியாபாரத்தில் சாதாரணம்: ‘பிப்பலி’ கிரேக்கத்துக்குப் போய் ‘பெபெரி’ ஆனபோது எதிர்த்திசையில் மாறியது. அதில் இன்னொரு கோளாறும் நடந்தது. திப்பலியின் பேர் மிளகுக்குப் போய்விட்டது. இன்று ‘பெப்பர்’ என்று உலகம் சொல்வது மிளகை, சொல் திப்பலியினுடையது.

நம் கடைகளில் கண்ணாடி ஜாடியில் அடுக்கியிருக்கும் இஞ்சி மொரப்பாவின் பின்பாதியும் அரபிதான். ‘முரப்பா’ என்றால் சர்க்கரைப் பாகில் பதப்படுத்தியது. அதற்கு முற்றின இஞ்சி ஆகாது. 5 முதல் 7 மாதத்துப் பிஞ்சுதான் சரி. அதற்கு மேல் நார் ஓடி, பாகு உள்ளே இறங்காமல் வாயில் சக்கையாக நிற்கும்.

இஞ்சி மாதிரி ஒலிப்பதெல்லாம் இஞ்சி அல்ல. நல்லெண்ணெய் டின்னில் ‘ஜிஞ்ஜெலி’ என்று போட்டிருக்கும். அது எள்ளுக்கு அரபியில் இருந்த ‘ஜுல்ஜுலான்’ போர்த்துகீசியரிடம் ‘ஜெர்ஜெலிம்’ ஆகி வந்தது. ஸன்ஸிபார் தீவு கிராம்புக்குப் பேர்போனதால் ஸன்ஜபீலோடு முடிச்சுப் போடுவார்கள். அது ‘ஸங்கி’களின் ‘பார்’, கறுப்பின மக்களின் கரை என்ற பாரசீகப் பேர். மலபாரின் வாலில் இருப்பதும் அதே ‘பார்’தான். மெல்லப் பதமாக என்று பொருள்படும் ஆங்கில ‘ஜிஞ்சர்லி’ கூட இஞ்சிக்கு உறவில்லை. நளினம் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் அதற்கு மூலம் என்பார்கள். ஆனால் ‘ஜிஞ்சர் அப்’ என்றால் உசுப்பிவிடுவது. அது அசல் இஞ்சி. கிழட்டுக் குதிரையை விற்கிற தரகர்கள் அதன் பின்பக்கம் இஞ்சியைச் செருகிவிடுவார்களாம். குதிரை வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளும், வாங்குகிறவன் ஏமாறுவான்.

சிங்கிக்கும் முன்னால் என்ன? இஞ்சி காட்டில் தானாக முளைக்கிற செடி இல்லை. விதை பிடிப்பதில்லை, கிழங்கை வெட்டி நட்டால்தான் உண்டு. அதனால் மனிதன் கையோடு கொண்டுபோகாத இடத்துக்கு அது போயிருக்க முடியாது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது என்பது பொதுக் கருத்து. தாய்லாந்தில் ‘கிங்’, பர்மாவில் ‘ஜின்’, சீனத்தில் ‘ஜியாங்’ என்று இருப்பதைப் பார்த்து, செடியோடு பேரும் அங்கிருந்தே வந்து, நாம் ‘வேர்’ மட்டும் சேர்த்தோம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஓரசைச் சொற்கள் ஒத்துப்போவது மலிவான சாட்சி. எந்த இரண்டு மொழியிலும் பொறுக்கி எடுக்கலாம். சிறகு – இறகு போல அடுக்கடுக்காக ஜோடி காட்டாதவரை அதைத் திண்ணையில்தான் உட்காரவைப்பேன்.

பேர் மாறினாலும் மாறாமல் கூடவே வருவது குரங்கு. தமிழில் ‘இஞ்சி தின்ற குரங்கு’ என்றால் முகம் கோணிப் போனவன். இந்தியில் ‘குரங்குக்கு என்ன தெரியும் இஞ்சியின் ருசி’ என்றால் அருமை அறியாதவன். நாம் இதற்குக் கழுதையையும் கற்பூரத்தையும் வைத்திருக்கிறோம். சீனருக்குக் குரங்கு வேண்டாம். ‘இஞ்சி கிழமானால்தான் காரம்’ என்பார்கள். அனுபவசாலியிடம் வாலாட்டாதே என்று பொருள். மலைபடுகடாம் ‘காயம் கொண்டன’ என்றதும் இதைத்தான்.

இப்போது டீக்கடையில் ‘ஒரு ஜிஞ்சர் டீ’ என்றால்தான் மரியாதை. மாஸ்டர் உள்ளே திரும்பி ‘இஞ்சி தட்டுடா’ என்பார். ஒரே சொல்லின் இரண்டு முனை, நடுவில் பாலி, கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஒரு பாய்லர். சுக்குக் காபி கேட்பவர்கள் மட்டும் இன்னும் ‘டிரை ஜிஞ்சர் காபி’ என்று கேட்கத் தொடங்கவில்லை.